ஒரு நாள் மட்டும் சுத்தமாக இருந்த தெரு

ஸ்பிரிங் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. லாரிகளின் அடிவயிற்றில் பட்டைபட்டையாக அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் உடைந்துபோனால், அதைக் கழற்றி உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து வளைத்துத் திரும்பப் பூட்டிக் கொடுக்கிற பட்டறை அவளுடையது. இது முதல் காரணம். இரண்டாவதை அவள் காதுபட யாரும் சொல்வதில்லை. தொட்டால் துள்ளுவாள்.

நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி வரப்போகிறார் என்று செய்தி வந்த அன்று அவள் துள்ளிய துள்ளலில் தெருவே கூடிவிட்டது. கூட்டம் நடந்தது இரும்பைக் கடைகிற லேத் பட்டறை வாசலில். லேத்துக்காரர் அவளுக்குச் சம்பந்தி. அவள் மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறாள். எதிரெதிர் வீடு, எதிரெதிர் பட்டறை, எதிரெதிர் பேச்சு. இவள் கிழக்கு என்றால் அவர் மேற்கு என்பார். பேத்தி பிறந்தபோது மூக்கு யாருடையது என்பதில் ஆரம்பித்த வழக்கு, குழந்தை தவழ ஆரம்பித்த பிறகும் தீரவில்லை.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் நகரத்துக்கு வெளியே இருந்த தெரு அது. நகரம் வீங்கி வீங்கி வந்து தெருவை விழுங்கி, அதையும் தாண்டிப் போய்விட்டது. அதனால் அரசாங்கம் நகரத்துக்குப் புது வரைபடம் போடுகிறது. எங்கே வீடு இருக்கலாம், எங்கே பட்டறை இருக்கலாம் என்று அது சொல்லும். அது சொன்னால் சொன்னதுதான், அப்பீல் கிடையாது. ரயிலடிப் பக்கம் இருந்த மரப்பட்டறைத் தெருவை அப்படித்தான் பெயர்த்தெடுத்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கட்டிப்போட்டிருந்த தகரக் கொட்டகைகளுக்கு அனுப்பினார்கள். பட்டறை அங்கே, குடும்பம் இங்கே. பாதிப் பேர் தொழிலையே விட்டுவிட்டார்கள்.

“நம்மளையும் ஆத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிட்டா என்ன பண்றது?” என்று அக்கா கேட்டாள். “கீழே உலை, மேலே அடுப்புன்னு நான் இருவது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தியாச்சு. உலையை அங்க வச்சுட்டு அடுப்பை இங்க வச்சுக்கிட்டு நடுவுல பஸ் பிடிச்சுக்கிட்டு இருக்கணுமா?”

“அதுக்குத்தான் சொல்றேன் சம்பந்தி,” என்றார் லேத்துக்காரர். “வர்றவங்க வரட்டும். நாம நம்ம பாட்டுக்கு வேலையைப் பாப்போம். இருக்கிறபடி பாத்துட்டுப் போகட்டும்.”

“இருக்கிறபடியா? போன தடவை ஒருத்தர் இருக்கிறபடி பாத்தாரே, மறந்துபோச்சா உங்களுக்கு?”

யாருக்கும் மறக்கவில்லை. பல வருஷங்களுக்கு முன்னால் சுகாதாரம் பார்க்க வந்த ஓர் அதிகாரி, தெருமுனையில் காலை வைக்கும்போதே கர்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். மறுமுனை வரை எடுக்கவே இல்லை. அக்கா நீட்டிய டீயைக் கையால் தள்ளினார். டீ கொட்டியதில் அக்காவுக்கு வருத்தமில்லை. அப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்த அவள் மகள் அதைப் பார்த்துவிட்டு, “அம்மா, நம்ம தெரு நாறுதா?” என்று கேட்டாளே, அந்தக் கேள்வி மட்டும் அக்காவின் நெஞ்சில் இறங்கியது இறங்கியதுதான்.

“இந்தத் தடவை ஒருத்தரும் மூக்கைப் பொத்தக்கூடாது,” என்றாள். “நாம யாருன்னு காட்டணும். ஒரு சொட்டு ஆயில் கண்ணுல படக்கூடாது. ஒரு வண்டி நிக்கக்கூடாது. ஒரு சுத்தியல் சத்தம் கேக்கக்கூடாது.”

“வண்டி இல்லாம, சத்தம் இல்லாம, அப்புறம் நாம யாரு சம்பந்தி?” என்று லேத்துக்காரர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் கேட்டது சம்பந்தி. அதனால் அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தெரு மொத்தமும் அவள் பக்கம் சாய்ந்தது. சாயாமல் என்ன செய்யும்? அந்தக் கர்சீப் எல்லோருடைய கண்ணிலும் இருந்தது.

அந்தத் தெருவின் பிறப்பை இங்கே சொல்லிவிடுவது நல்லது. முதலில் அங்கே ஒன்றுமில்லை, ஒரு நெடுஞ்சாலை மட்டும். அரசாங்கம் சாலையின் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு, வரி வசூலிக்கச் செக்போஸ்ட் வைத்தது. கட்டை விழுந்த இடத்தில் லாரிகள் நின்றன. நின்ற லாரிக்குத்தான் தன் வலி தெரியும். ஒருவன் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தான், ஒருத்தி டீ போட அடுப்பு மூட்டினாள். அக்காவின் மாமனார் ஓர் உலையோடு வந்து சேர்ந்தார். பிறகு லேத்து, பிறகு வெல்டிங், பிறகு பெஞ்சாதி பிள்ளைகள். பிள்ளைகள் வந்ததும் பள்ளிக்கூடம் வந்தது, பள்ளிக்கூடம் வந்ததும் பஸ் நின்றது. ஒரு நாள் அரசாங்கம் வரியை மாற்றி, கட்டையைத் தூக்கிவிட்டது. தெரு செத்தது என்று எல்லோரும் சொன்னார்கள். கட்டைக்காக நின்ற லாரிகள் அதற்குப் பிறகு தெருவுக்காக நிற்க ஆரம்பித்தன. பஸ் கண்டக்டர்கள் இன்றைக்கும் “செக்போஸ்ட் எறங்கு” என்றுதான் கத்துகிறார்கள். அங்கே கட்டையும் இல்லை, போஸ்டும் இல்லை.

தெருவின் உருவமும் ஒரு மாதிரி. வாய் அகலம், நடுவில் முழங்கை மாதிரி ஒரு மடிப்பு. மற்ற இடங்களில் வீட்டைக் கட்டிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடுவார்கள். இங்கே லாரியின் வால் திரும்ப இடம் விட்ட பிறகு மிச்சம் இருந்ததில்தான் வீடு. மடிப்பில் இருக்கும் வீட்டுக்கு ஒரு மூலையே கிடையாது. லாரிகள் உரசி உரசிக் கடைசியில் கொத்தனாரே அதை வட்டமாகக் கட்டிவிட்டார்.

அந்தத் தெருவுக்குள் எந்த லாரியும் முகத்தைக் காட்டி நுழையாது. வாலைக் காட்டித்தான் வரும். சக்கரத்தைக் கழற்றிய பிறகு வண்டியைத் திருப்பவா முடியும்? அதனால் போகும்போது நேராகப் போகிற மாதிரி வரும்போதே பின்னால் வரவேண்டும். பக்கத்தில் ஒருவர் நடந்துகொண்டே “வரட்டும், வரட்டும்” என்று உள்ளங்கையால் வண்டியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் நில். இதைச் செய்யத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. பல்லுப்போன கிழவரும் தட்டுவார், பள்ளிக்கூடப் பையை மாட்டிய பெண்ணும் தட்டுவாள். கை எப்போதும் கிரீஸ் கை. ஆகவே வண்டியின் பக்கவாட்டில் கறுப்பாய் ஒரு கைத்தடம் விழும். டிரைவர்கள் அதைக் கழுவுவதில்லை. எந்தச் சாலையில் எந்த லாரியைப் பார்த்தாலும், அந்தத் தடம் இருந்தால் அது செக்போஸ்ட் தெரு பார்த்த வண்டி என்று அர்த்தம். இந்த வண்டியை நம்பலாம் என்பதும் அதற்குள் அடக்கம்.

அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் அத்தனை லாரிகளையும் தெருவிலிருந்து வெளியேற்றினார்கள். ஓடுகிறவை ஓடின. ஓடாதவற்றைச் சங்கிலி போட்டு இழுத்துப் போய் நெடுஞ்சாலையின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அப்புறம் கழுவல். மரத்தூளைக் கொட்டி எண்ணெயை உறிஞ்ச வைத்து, சோப்புத் தூளைக் கரைத்து ஊற்றி, துடைப்பத்தால் தேய்தேய் என்று தேய்த்தார்கள். தெருவுக்கு அடியில் சிமெண்ட் இருப்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்காவின் புருஷன் பெயின்டர். லாரிகளுக்குப் பெயரும் பூவும் எழுதுகிறவர். பொறுமைசாலி, அக்காவோடு குடும்பம் நடத்தப் பொறுமை இல்லாதவர் லாயக்கில்லை. தெருவின் எல்லா ஷட்டர்களுக்கும் புது நீலம் அடித்துக் கொடுத்தார். பழைய எழுத்தெல்லாம் உள்ளே போய்விட்டது.

“எழுத்து?” என்று அக்கா கேட்டாள்.

“பெயின்ட் காய வேண்டாமா? ஈரத்துல எழுதினா ஒழுகிடும். நாளன்னைக்கு எழுதிக்கலாம். வர்றவங்க எழுத்துக்கூட்டிப் படிக்கவா வர்றாங்க?”

அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது.

மறுநாள் காலையில் தெரு அப்படி ஒரு தெருவாக இருந்தது. ஷட்டர்கள் எல்லாம் இறங்கி, நீலமாய், வெறுமையாய் மின்னின. எல்லோரும் வெளுத்த உடுப்பில் வாசலில் நின்றார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டு மாடியில் பேத்தி மட்டும் விடிந்ததிலிருந்து அழுதுகொண்டே இருந்தாள். பால் கொடுத்தும் நிற்கவில்லை, தூக்கி நடந்தும் நிற்கவில்லை.

“என்னடி ஆச்சு பிள்ளைக்கு?” என்று அக்கா கீழிருந்தே கேட்டாள்.

“தெரியலம்மா. தூங்கவே மாட்டேங்கறா,” என்றாள் மகள்.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். நடுத்தர வயது அம்மாள். வெயிலுக்குத் தொப்பி, நடந்து தேய்ந்த செருப்பு, கையில் ஒரு டேப்லெட். ஜீப்பைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் வந்தார். கர்சீப் எதுவும் எடுக்கவில்லை. அதைப் பார்த்ததும் அக்காவுக்குப் பாதி வெற்றி கிடைத்துவிட்டது.

“இங்க என்ன தொழில் நடக்குது?”

“நடக்கும் மேடம், ஏதோ கொஞ்சம்,” என்றாள் அக்கா. ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு. “சத்தம் கிடையாது, புகை கிடையாது. நீங்களே பாருங்க, தெரு எப்படி இருக்குன்னு!”

அந்த அம்மாள் நிதானமாகப் பார்த்தார். மாடிக் கொடிகளில் காயும் துணிகள், படிக்கட்டில் சாய்த்த சைக்கிள்கள், பூந்தொட்டிகள், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள். ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டார். மூலையில்லாத வீட்டின் முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நின்று சுவரைத் தடவிப் பார்த்தார்.

“ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. நகரத்துக்குள்ள இவ்வளவு அமைதியான தெருவை நான் பாத்ததில்ல.”

அக்கா சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தாள். பாத்தீங்களா என்று வாயைத் திறந்து கேட்கவில்லை, அவ்வளவுதான் பாக்கி.

“மஞ்சள் போட்டுட்டேன்,” என்றார் அந்த அம்மாள், திரையில் விரலால் ஏதோ செய்தபடி.

“ரொம்ப சந்தோஷம் மேடம்! டீ சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

லேத்துக்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். “மஞ்சள்னா என்னங்க மேடம்?”

“குடியிருப்பு. ஊதான்னா தொழில். இந்தத் தெரு முழுசும் குடியிருப்புதானே? அதனால மஞ்சள். இனிமே இங்க பட்டறை எதுவும் வர முடியாது. ஒண்ணு ரெண்டு இருந்தாலும் ஆத்துக்கு அந்தப் பக்கம் மாத்திக் கொடுத்துடுவாங்க. நீங்க நிம்மதியா இருக்கலாம்.”

அக்காவின் கையில் டீ டம்ளர் இருந்தது. அது கொட்டவில்லை. கொட்டியிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

“மேடம்… இல்ல மேடம்… எல்லாம் பட்டறைதான். இந்த ஷட்டர் பூரா பட்டறை. நேத்துதான் பெயின்ட் அடிச்சோம். வண்டியெல்லாம் வெளிய நிக்குது. நாளைக்கு ஒரு நடை வந்து பாருங்க, சத்தம் காதைப் பிளக்கும்!”

“இப்பத்தானே சத்தமே இல்லன்னு சொன்னீங்க?” அந்த அம்மாள் கோபப்படவில்லை. களைப்பாகத்தான் சொன்னார். “போன வாரம் ஒரு இடத்துல நான் வர்றேன்னு தெரிஞ்சு, இல்லாத கடைக்கெல்லாம் ராத்திரியோட ராத்திரியா போர்டு மாட்டி வச்சிருந்தாங்க, நஷ்டஈடு கிடைக்கும்னு. அதனால எங்களுக்கு ஒரே விதிதான். வந்த நாள்ல கண்ணால பாத்ததை மட்டும்தான் போடணும். நாளைக்கு நான் வேற பக்கம் போகணும்மா.”

அவர் நடந்து போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வழவழ சிமெண்டில் அவருடைய செருப்புச் சத்தம் ஒவ்வொரு அடியும் கேட்டது.

அக்கா தன் பட்டறைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத் தெரு முழுவதற்கும் சேர்த்து வைத்தாகிவிட்டது. சம்பந்தி வாயைத் திறப்பார், திறக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கட்டும் என்று காத்திருந்தாள். அவர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

“குடிங்க சம்பந்தி. வெயில்ல நின்னுட்டே இருந்தீங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத்தான் தாங்க முடியவில்லை. பெயின்டர் பக்கத்தில் வந்து நின்று, விரலில் ஒட்டியிருந்த நீலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நெடுஞ்சாலையிலிருந்து ஹாரன் சத்தம் வந்தது. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு கணக்கில்லாமல்.

நடந்தது என்னவென்றால், முந்தைய நாள் இழுத்துவிட்ட லாரிகள் சாலையின் ஓரத்தை ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருந்தன. தெரு லீவு என்று தெரியாமல் அன்று காலை வந்து சேர்ந்தவை அவற்றின் பக்கத்தில் நின்றன. அவற்றுக்குப் பின்னால் வந்தவை எங்கே நிற்பது என்று தெரியாமல் நடுச்சாலையில் நின்றன. எள் போட்டால் கீழே விழாது. அந்த நெரிசலின் நட்டநடுவில் வெள்ளையாய் ஓர் அரசாங்க ஜீப்.

அக்கா எழுந்தாள். தெரு போனது போகட்டும். தெருவுக்கு வந்துபோகிறவர் தெரு வண்டிகளால் நடுரோட்டில் மாட்டிக்கொண்டு நிற்பது வேறு விஷயம். அந்த மானம் இன்னும் பாக்கி இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். பின்னால் தெருவும் ஓடியது.

அவள் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் ஜீப்பை விட்டு இறங்கி, ஓர் உப்பு லாரியின் கதவருகே நின்றிருந்தார். மேலேயிருந்து டிரைவர் பொரிந்துகொண்டிருந்தார்.

“தெரு இன்னைக்கு லீவாம் மேடம்! யாரோ கவர்மென்ட்லேருந்து வர்றாங்களாம். யாருன்னு தெரிஞ்சா ரெண்டு வார்த்தை கேப்பேன். அவங்களுக்கு ஒரு நாள் கூத்து, எங்களுக்கு ஒரு நாள் பொழப்பு.”

“நான்தான் அது,” என்றார் அந்த அம்மாள்.

டிரைவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக மறுபடி நீட்டினார்.

“நீங்க எங்கேருந்து வர்றீங்க?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

“கடலோரத்துலேருந்து.”

“வழியில வேற பட்டறையே கிடையாதா?”

“எத்தனை வேணும்? இருக்கு. ஆனா அங்க ஸ்பிரிங் பாக்கிறவன் ஒரு ஊர்ல இருப்பான், அதுல மாட்டற இரும்புப் பின்னைக் கடையறவன் இன்னொரு ஊர்ல இருப்பான். இங்க அக்கா ஸ்பிரிங்கைக் கழட்டும்போதே எதிர்க்க லேத்துக்காரர் பின்னைக் கடைய ஆரம்பிச்சிடுவார். ஒரு நட்டு குறைஞ்சா சத்தம் போட்டா போதும், மாடியிலேருந்து யாராவது தூக்கிப் போடுவாங்க. ராத்திரி எந்த நேரத்துல வந்தாலும் கதவைத் தட்டலாம். வீடு மேலதானே இருக்கு.” கதவுக்கு வெளியே கையை நீட்டித் தன் வண்டியின் பக்கவாட்டைத் தட்டிக் காட்டினார். அங்கே மங்கலாய் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கைத்தடங்கள் இருந்தன. “இது அக்கா கை. இதைப் பாத்தா மலைப்பாதையில போலீஸ்காரன்கூட பிரேக் பத்திக் கேக்கமாட்டான்.”

அந்த அம்மாள் அடுத்த லாரிக்குப் போனார். அது மலையிலிருந்து மரம் ஏற்றி வந்தது. அதற்கடுத்தது எல்லைக்கு அப்பாலிருந்து வெங்காயம். ஒவ்வொரு வண்டியிலும் அதே கேள்வியைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் திரையில் ஒரு புள்ளி வைத்தார். புள்ளிகள் தெருவிலிருந்து கிளம்பி நாட்டின் ஓரங்கள் வரை போயின. அவர் முகத்தில் இருந்த களைப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

“மன்னிச்சிடுங்க மேடம். உங்க வண்டிக்கு வழி விடணும்னா இதுங்க எல்லாம் உள்ள போகணும். வேற இடம் கிடையாது.”

சொல்லிவிட்டு ஒரு விநாடி தெருவைத் திரும்பிப் பார்த்தாள். கழுவிய சிமெண்ட் வெயிலில் பளபளத்தது. எத்தனை கை, எத்தனை துடைப்பம். போகட்டும். மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது?

“ஷட்டரைத் தூக்குங்கடா!” என்று கத்தினாள். “உள்ள விடுங்க!”

ஷட்டர்கள் எழுந்த சத்தம் சாலையின் அந்தக் கோடி வரை கேட்டிருக்கும். அடுத்த நிமிஷமே வெளுத்த உடுப்பெல்லாம் லாரிகளின் பக்கத்தில் இருந்தன. முதல் வண்டி வாலைக் காட்டியது. “வரட்டும், வரட்டும்.” ஒரு தட்டு. ஒரு தட்டு. மடிப்பில் கையை வட்டமாய்ச் சுழற்றிக் காட்ட, மரலாரியின் நீண்ட வால் அந்த மூலையில்லாத சுவரை ஒரு விரல் தள்ளிக் கடந்து, வளைந்து, தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டு தட்டு. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. எந்த வண்டிக்கு என்ன நோய், எது எந்த வாசலில் நிற்கவேண்டும், எதற்கு முன்னால் எது போனால் பிறகு சிக்காது என்பதெல்லாம் எல்லோருக்கும் பழக்கம். ஜாக்கிகள் உருண்டன. லேத்து உறுமியது. பெயின்டர் சைகை காட்டிக்கொண்டே பின்னால் நடந்து இன்னும் தூக்காத ஓர் ஈர நீல ஷட்டரில் முதுகைச் சாய்த்துவிட்டார், அதையும் பொருட்படுத்தவில்லை. அக்கா உலையைப் பற்றவைத்து ஊதுவிசிறியைச் சுழற்றினாள். நெருப்பு ஒரு மூச்சு விட்டு எழுந்தது. இரும்புப் பட்டை சிவந்ததும் இடுக்கியால் இழுத்துப் போட்டு அடித்தாள். அந்த முதல் அடியில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துக்கத்தில் இல்லை. தன் சத்தத்தைத் தானே ஒரு நாள் முழுக்கக் கேட்காமல் இருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

நிமிர்ந்து பார்த்தபோது அந்த அம்மாள் எதிர்வீட்டு மாடியில் நின்றிருந்தார். லாரிகளுக்கு ஒதுங்கி ஏறியிருக்க வேண்டும். அங்கிருந்து தெரு முழுவதும் தெரியும், வாய், மடிப்பு, வால் எல்லாம். அவருக்குப் பக்கத்தில் தொட்டில். அதில் பேத்தி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

“இந்தச் சத்தத்துல தூங்கறாளே!” என்று அந்த அம்மாள் மகளிடம் கேட்டது கீழே வரை கேட்டது. அந்தத் தெருவில் மெதுவாகப் பேசினால் யாருக்கும் கேட்காது, புதிதாய் வந்தவரும் அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார்.

“சத்தம் இல்லாததாலதான் காலைலேருந்து அழுதிருக்கா மேடம். எங்களுக்கே இப்பத்தான் புரியுது.”

அந்த அம்மாள் கீழே இறங்கி வந்து உலைக்கு முன்னால் நின்றார்.

“இதைப் போயா மறைச்சீங்க?”

அக்கா சுத்தியலைக் கீழே வைத்தாள். கர்சீப் கதையைச் சொன்னாள். மகள் கேட்ட கேள்வியையும் சொன்னாள். “அன்னைக்கு அவளுக்கு நான் பதில் சொல்லல மேடம். இன்னைக்குச் சொல்லிடலாம்னு நெனைச்சேன். நாறலடின்னு காட்டிடலாம்னு. முட்டாள்தனம் பண்ணிட்டேன். நாத்தம் என்ன நாத்தம்? இது சோத்து வாசனை. இதை நான் யாருக்குப் பயந்து கழுவினேன்னு இப்ப எனக்கே அவமானமா இருக்கு.”

அந்த அம்மாள் டேப்லெட்டில் ஏதோ தேடினார். பிறகு திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

“ஊதா போட்டா இது தொழில் பகுதி. பட்டறை இருக்கலாம், மேல வீடு இருக்கக்கூடாது. மஞ்சள் போட்டா வீடு இருக்கும், பட்டறை போயிடும்.”

“ரெண்டுல எதைப் போட்டாலும் பாதி உயிருதான்,” என்றார் லேத்துக்காரர்.

“மூணாவதா ஒண்ணு இருக்கு. மஞ்சளும் ஊதாவும் மாறிமாறிக் கோடு போட்டது. வீடும் தொழிலும் ஒண்ணா இருக்கிற இடம். சட்டத்துல இருக்கு, யாரும் போடறதில்ல. ஏன்னா வந்த நாள்ல ரெண்டையும் கண்ணால பாத்திருக்கணும். தொழில் நடக்கிற தெருவுல வீடு கண்ணுக்குத் தெரியாது. லாரி மறைச்சுடும். நானே இன்னைக்கு காலைல தெரு இப்படி இருக்கும்போது வந்திருந்தா ஊதாவைப் போட்டுட்டு போயிருப்பேன்.” அவர் சிரித்தார். “காலைல வீட்டையெல்லாம் காட்டினீங்க. இப்ப பட்டறையைக் காட்டினீங்க. ரெண்டும் ஒரே நாள். மேலிடத்துல கேள்வி கேப்பாங்க. நான் பதில் சொல்லிக்கறேன்.”

விரல் நகர்ந்தது. திரையில் முழங்கை மாதிரி மடிந்த அந்தச் சின்னத் துண்டு கோடு கோடாக நிறம் மாறியது. சுற்றிலும் இருந்த மஞ்சளிலும் ஊதாவிலும் அது ஒன்றுதான் அப்படி இருந்தது. ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.

அக்காவுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் பேச்சும் வந்தது.

“பாத்தீங்களா சம்பந்தி? கழுவச் சொன்னது யாரு?”

“அடிப்பாவி!” என்றார் லேத்துக்காரர். ஒரு விநாடி மரியாதையெல்லாம் மறந்துபோய்விட்டது. “இதையும் உங்க கணக்குல எழுதிக்கிட்டீங்களா?” என்று சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

சாலை காலியாகி, ஜீப் அந்த அம்மாளை ஏற்றிக்கொள்ளத் தெருவுக்குள் வந்தது. முகத்தைக் காட்டிக்கொண்டு, நேராக! தெருவின் வழக்கம் தெரியாத வண்டி. உள்ளே வந்த பிறகுதான் டிரைவருக்கு விஷயம் புரிந்தது. இரண்டு பக்கமும் லாரிகள், திருப்ப இடமில்லை, பின்னாலேயே போகவேண்டும். அவருக்கு வியர்த்துவிட்டது.

அக்கா முன்னால் வந்தாள்.

“பயப்படாதீங்கண்ணா. கண்ணாடியைப் பாக்காதீங்க, என் கையைக் கேளுங்க. வரட்டும்.”

ஒரு தட்டு. ஒரு தட்டு. மடிப்பில் கொஞ்சம் ஒடித்து, உப்பு லாரியின் மூக்கைத் தாண்டி, மூலையில்லாத வீட்டைத் தாண்டி, தெருவாயை விட்டு வெளியே வந்ததும் இரண்டு தட்டு. ஜீப் நின்றது. அரசாங்க முத்திரை போட்ட அந்த வெள்ளைக் கதவில், முத்திரைக்குப் பக்கத்திலேயே, ஐந்து விரலும் தெளிவாக ஒரு கறுப்புக் கைத்தடம்.

அக்கா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். டிரைவர் பதறிப்போய் இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து துணியை எடுத்தார்.

“துடைக்காதீங்க,” என்றார் அந்த அம்மாள் ஜன்னலிலிருந்து. “எல்லா வண்டியிலும் இருக்கு. நம்ம வண்டியிலயும் இருக்கட்டும். போலாம்.”

ஜீப் நகரத்தை நோக்கிப் போனது. அது கண்ணுக்கு மறையும்வரை தெரு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. முதுகெல்லாம் நீலமாய் நின்ற பெயின்டர் தலையை ஆட்டிக்கொண்டார்.

“நானும் எத்தனையோ வண்டிக்கு எழுதியிருக்கேன்,” என்றார் பெண்டாட்டியிடம். “உன் எழுத்துக்கு முன்னாடி ஒண்ணும் நிக்காது.”

அக்கா எதிர்மாடியைப் பார்த்தாள். மகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தாள். உப்பு லாரிக்காரர் பொறுமை இழந்து ஹாரன் அடித்தார். அக்கா சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.